துப்பாக்கி சுடும் பயிற்சி அறையில் பறிபோன இரண்டரை மீட்டரை மீட்டுத் தரக் கோரி மனு

அனுப்புநர்:
விளையாட்டு அரங்கில் ஏர் ரைஃபிள் பயிற்சி பெறும் 11 பிள்ளைகளின் பெற்றோர்

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: பயிற்சி அறையில் அடுக்கியுள்ள சாமான்களை அகற்றித் தருவது தொடர்பாக.

பார்வை: குறைதீர் நாளில் கொடுத்த எங்கள் மனுக்கள் மூன்று (ஜூன், ஆகஸ்ட், அக்டோபர்).

ஐயா, பணிவான வணக்கம்.

குடியரசு தினத்தன்று தாங்கள் கொடியேற்றிய மைதானத்தில், மேற்குக் கேலரிக்கு அடியில் ஒரு நீளமான அறை இருப்பது தங்களுக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகள் தினமும் மாலை அங்கேதான் பயிற்சி எடுக்கிறார்கள். நாலாவது தடவையாக எழுதுகிறோம். கோரிக்கை பழையதுதான்.

1. சென்ற தேர்தலின்போது, ‘பத்து நாளைக்கு மட்டும்’ என்று சொல்லி அறையின் பின்பக்கத்தில் மடக்கு நாற்காலிகளையும் தடுப்புத் தட்டிகளையும் இறக்கினார்கள். தேர்தல் முடிந்தது, முடிவும் வந்தது, சாமான் மட்டும் போகவில்லை. தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். பிள்ளைகள் நின்று சுட வேண்டிய கோடு அந்தத் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. அதனால் முன்னால் தள்ளி வந்து, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து நிற்கிறார்கள். பெற்றோரில் ஒருவனாக இதை எழுதும் நானே கொத்தனாரிடம் டேப் வாங்கி அளந்தேன். டார்கெட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் 7.5 மீட்டர். இருக்க வேண்டியது 10 மீட்டர்.

2. ‘பக்கத்தில் நின்று சுட்டால் சுலபம்தானே’ என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். அதுதான் ஐயா கஷ்டமே. ஏர் ரைஃபிளுக்கு 10 மீட்டர், அதில் 5 சென்டிமீட்டருக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது சர்வதேச விதி. டார்கெட்டின் நடுவில் பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் அளவு அரை மில்லிமீட்டர், பேனா முனையால் வைத்த புள்ளி மாதிரி. அதிலிருந்து கால் மில்லிமீட்டர் விலகினால் 0.1 மதிப்பெண் போய்விடும். அந்த 0.1 என்ன செய்யும் என்பதை 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நாடே பார்த்தது. ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்ற மனு பாக்கருக்கு வெள்ளி வாய்ப்பு அந்த 0.1இல்தான் போனது. நம் கடலூரில் பிறந்து, குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் அதே ஒலிம்பிக்கில் ஏர் ரைஃபிளில் 60 குண்டுக்கு 630.7 எடுத்தார். குண்டுக்குச் சராசரி 10.5 (நட்டநடுவில் பட்டால் 10.9). அப்படியும் பத்தாவது இடம்தான். இறுதிச் சுற்று முதல் எட்டுப் பேருக்கு. இப்படிப்பட்ட விளையாட்டில் எங்கள் பிள்ளைகள் இரண்டரை மீட்டர் தப்பாகப் பழகுகிறார்கள். கிட்டத்தில் நிற்பதால் கறுப்பு வட்டம் பெரிதாகத் தெரிகிறது. துப்பாக்கி எவ்வளவு ஆடினாலும் தாளில் அது முக்கால் பங்குதான் விழுகிறது. கண்ணும் கையும் அதையே சரி என்று நம்பிவிடுகின்றன.

3. என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். இங்கே 60 குண்டில் பத்தைத் தவறவிடுவது ஐந்துதான். மாநிலப் போட்டியில் பதினைந்து. போட்டிக்கு முன் சரிபார்த்துக்கொள்ளத் தரும் 15 நிமிடமும் துப்பாக்கியில் குறிபார்க்கும் சைட்டைத் திருகிக்கொண்டே இருந்தாள், நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். “டார்கெட் எங்கேயோ தூரத்துல இருந்துச்சுப்பா” என்றாள் பிறகு. அவ்வளவுதான், ஊர் வரும்வரை பஸ்ஸில் பேசவில்லை. மறுநாள் மாலை போய்ச் சாக்பீஸ் கோட்டைக் காலால் அழித்தாள். தார்ப்பாயில் முதுகு உரச, எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு போய் நின்று சுட்டாள். அளந்து பார்த்தேன். 7.8 மீட்டர்.

4. டார்கெட் மேல் குறைந்தது 1500 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும். இங்கே இரண்டு டியூப்லைட்தான் எரிகின்றன. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போது கேட்கவில்லை.

5. மூன்று மனுவுக்கும் ஒரே பதில்: ‘தங்கள் மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது.’ எந்தத் துறை ஐயா? அரங்கத்தில் கேட்டால் சாமான் தேர்தல் பிரிவுடையது என்கிறார்கள். தேர்தல் பிரிவில் கேட்டால் சாவி அரங்கத்தில் இருக்கிறது என்கிறார்கள். இரண்டு அலுவலகமும் எதிரெதிரே இருக்கின்றன, நடுவில் ஒரு சாலைதான். அந்தச் சாலையை இந்த வருடத்தில் நான் எத்தனை முறை கடந்திருப்பேன்! நாற்காலியை நகர்த்த ஒரு அரசாணை வேண்டுமா? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே சுடும் ரேஞ்ச் கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் வீடுகளில் வாசற்படியிலிருந்து கொல்லைச் சுவர் வரை அளந்தாலும் பத்து மீட்டர் வராது. எங்களுக்கு இருப்பது அந்த ஒரு அறைதான். கோபத்தில் எழுதியது தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

6. புதுக் கட்டடம் கேட்கவில்லை. துப்பாக்கி கேட்கவில்லை. அந்த இரண்டரை மீட்டரைத் திருப்பிக் கொடுங்கள் ஐயா.

7. தூக்க ஆள் இல்லை என்றால் நாங்களே தூக்குகிறோம். எங்களில் ஒருவரிடம் லோடு ஆட்டோ இருக்கிறது. எங்கே இறக்க வேண்டும் என்று மட்டும் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவோம். அடுத்த மாநிலப் போட்டிக்கு ஏழு வாரம்தான் இருக்கிறது. அதற்குள் அந்த இரண்டரை மீட்டர் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்க ஆவன செய்யுமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர்கள் (11 கையொப்பங்கள்)

இணைப்பு: சாக்பீஸ் கோட்டில் டேப் வைத்து எடுத்த புகைப்படம்.