கேப்டன் டைகரை வரைந்த கை

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்பதில் சந்தோஷம், ஆனாலும் மாடிப்படி ஏறுவதைக் கொஞ்ச நாளைக்கு ஒத்திப்போடு. இங்கே எல்லாரும் சுகம். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, இப்போது பேப்பரை எழுத்து விடாமல் படித்து எங்களுக்கும் வாசித்துக் காட்டுகிறார்.

உன் பையன் ராப்பகலாக டேப்லெட்டில் வரைகிறான், ஆனால் தனக்கென்று ஒரு ஸ்டைல் வரவில்லை என்று புலம்புகிறான் என்று எழுதியிருந்தாய். அவனுக்கு ழான் ஜிரோவைப் பற்றிச் சொல். பெயர் புதிதாக இருக்கலாம், ஆள் உனக்குப் பழக்கம்தான்: சிவகாசியிலிருந்து வந்த கேப்டன் டைகர் காமிக்ஸ் கதைகளை நீயும் நானும் அடித்துப்பிடித்துப் படித்தோமே, அதன் ஓவியர். பிரான்சில் டைகருக்குப் பெயர் புளூபெரி.

1938இல் பிறந்தவர். பதின்ம வயதில் மெக்சிகோவில் இருந்த அம்மாவிடம் போய் மாதக்கணக்கில் தங்கியபோது பார்த்த பாலைவனம்தான் பிற்பாடு டைகரின் குதிரை நடந்த நிலமெல்லாம். அப்புறம் அல்ஜீரியாவில் ராணுவச் சேவை. திரும்பி வந்து ழிழே என்ற மூத்த ஓவியரிடம் சேர்ந்து, அவர் பென்சிலில் போட்ட கௌபாய் கதைக்கு மை ஏற்றிக் கொடுத்தார். 1963இல் பிலோத் என்ற பிரெஞ்சு காமிக்ஸ் பத்திரிகைக்காகக் கதாசிரியர் சார்லியே ஒரு வெஸ்டர்ன் தொடர் தொடங்க நினைத்தபோது, தனக்கு நேரமில்லை, என் சிஷ்யனைப் பாருங்கள் என்று கைகாட்டியவரும் ழிழேதான். ஆரம்பக் கதைகளைப் பார், அப்படியே குருவின் கை. ஜிரோ இல்லாத சமயத்தில் சில பக்கங்களை ழிழேயே வரைந்து கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள். டைகரின் முகம்கூட முதலில் நடிகர் பெல்மோண்டோவின் சாயல்தான். ஆக, அந்தப் பெரிய மனிதரே வருஷக்கணக்கில் இரவல் கையோடுதான் வரைந்திருக்கிறார்!

சார்லியே ஒரே நேரத்தில் பல தொடர்கள் எழுதியவர், ஸ்கிரிப்ட் துண்டு துண்டாகத்தான் வரும், கதை எங்கே போகிறது என்று தெரியாமலே வரைய வேண்டும். ஆனால் துப்பாக்கி, சேணம், ரயில் பாலம் எதுவும் தப்பாக இருக்கக் கூடாது. ஜிரோ பெரும்பாலும் பிரஷ்தான் பிடிப்பார். டைகர் கதையான ‘தங்கக் கல்லறை’ கையில் இருந்தால் பாறைகளை மட்டும் பார்த்துக்கொண்டு போ, நிழல் பக்கம் தடித்த கறுப்பு, வெயில் பக்கம் வெறும் புள்ளிகளும் சின்னக் கீறல்களும், அதிலேயே தொண்டை வறண்டுவிடும்.

இதே ஆள் இன்னொரு பக்கம் மோபியஸ் என்ற பெயரில் வேறு மாதிரி வரைந்தார். அங்கே பேனா, மெல்லிய கோடு, விஞ்ஞானக் கற்பனை. 1970களில் நண்பர்களோடு சேர்ந்து மெத்தால் உர்லான் பத்திரிகையைத் தொடங்கி, அதில் ஒரு வார்த்தைகூட இல்லாமல் ‘அர்சாக்’ வரைந்தார், வெள்ளைப் பறவை மாதிரியான ஒரு ஜந்துவின் மேல் ஒருவன் பறந்துகொண்டே இருப்பான். இன்னொரு தொடருக்கு ஸ்கிரிப்டே கிடையாது, மாதாமாதம் இரண்டு மூன்று பக்கம், போன மாதம் போட்ட முடிச்சை இந்த மாதம் எப்படியாவது அவிழ்க்க வேண்டும், அவிழ்த்த கையோடு இன்னும் மோசமான முடிச்சு. ‘ஏலியன்’, ‘ட்ரான்’ படங்களுக்கு உடை வடிவமைக்கக் கூப்பிட்டது இந்த மோபியஸைத்தான்.

உலகம் மோபியஸைத்தான் கொண்டாடுகிறது. என் கட்சி வேறு. டைகருக்காக அத்தனை வருஷம் குதிரைக் கால்களைச் சரியாகப் போட்ட கைக்குத்தான் அர்சாக்கின் அந்த ஜந்து உண்மையாகப் பறக்கிறது. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும், உனக்கு எப்போதும் விண்வெளிதான் உசத்தி.

1989இல் சார்லியே இறந்த பிறகு டைகரின் கதையையும் ஜிரோ தானே எழுதினார், இழுவை கொஞ்சம் ஜாஸ்திதான். 2012இல் போய்ச் சேர்ந்தார்.

பையனிடம் யாரையாவது ஒருத்தரைப் பிடித்து, வெட்கப்படாமல் காப்பியடிக்கச் சொல். வரைந்ததில் ரெண்டு பக்கம் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லு, குதிரை இருந்தால் ரொம்ப நல்லது.

அன்புடன்,
ரவி