தேதியை மட்டும் சொல்லிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆராய்ச்சி மாணவர்களின் உதவித்தொகையை உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கை பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். உயர்த்தட்டும், யார் வேண்டாம் என்கிறார்கள். 2023 ஜனவரி 1 முதல் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாதம் 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆனது, எஸ்ஆர்எஃப் (அதற்கு அடுத்த முதுநிலை) 35,000-லிருந்து 42,000 ஆனது, அதற்கு முந்தைய உயர்வு 2019-ல் வந்தது, இதெல்லாம் எங்கள் டிபார்ட்மென்ட்டில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பணம் தனக்குக் கிடைக்குமா கிடைக்காதா, கிடைக்கும் என்றால் எந்த மாதம், இதைக் கேட்டுப் பாருங்கள், ஒருவராலும் சொல்ல முடியாது. அந்தச் செய்தியில் விட்டுப்போனது இதுதான், அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், வெட்டிப் போடுவதென்றால் போடுங்கள்.

நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் கீழ் பொருளாதாரத்தில் முழுநேரமாக பிஎச்டி செய்கிறேன். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களின் கூலியும் கடனும்தான் தலைப்பு. 2023 ஆகஸ்டில் ஓர் ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். எந்த அமைப்பு என்று சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது, எல்லா இடத்திலும் இதே கதைதான். ஆய்வுத் திட்டம், கைடு கையெழுத்து, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், எல்லாம் பதிவேற்றி, அச்சடித்த பிரதியையும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பியாயிற்று. 2024 பிப்ரவரியில் இணையவழி நேர்காணல், பதினைந்து நிமிடம். நன்றாகத்தான் போனது. கடைசியில் ஒருவர் ‘முடிவு விரைவில் தெரிவிக்கப்படும்’ என்றார். அந்த ‘விரைவில்’ வந்து சேர ஒன்பது மாதம் ஆனது. ஒரு பிள்ளையே பெற்றிருக்கலாம் என்று என் அத்தை சொன்னார், அவருக்கு எதையும் கல்யாணத்தில் கொண்டுபோய் முடிப்பதே வேலை.

அந்த ஒன்பது மாதத்தில் பணம் இல்லாததைச் சமாளித்துவிடலாம். சாயங்காலம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன், அம்மாவின் சீட்டுப் பணம் இருந்தது, ஓடியது. ஓடாதது எதுவென்றால், எந்த முடிவையும் எடுக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது. ஜூன் மாதம் ஒரு தனியார் கல்லூரியில் வேலை இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். முதல்வர் கேட்ட முதல் கேள்வியே, ‘ஏப்ரல் வரைக்கும் இருப்பீங்களாம்மா, நடுவுல விட்டுட்டுப் போயிடக் கூடாது’ என்பதுதான். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் நான் என்ன பதில் சொல்வது? அடுத்த வாரமே பட்டியல் வந்தால் வேலையை விட வேண்டும், ஏனென்றால் உதவித்தொகை முழுநேர மாணவர்களுக்குத்தான், வேறு எங்கும் சம்பளம் வாங்கவில்லை என்று பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். சரி, வேலையில் சேர்ந்து பதிவைப் பகுதிநேரமாக மாற்றிக்கொள்ளலாம் என்றால் விண்ணப்பமே செல்லாமல் போய்விடும். அதாவது கிடைக்குமா என்று தெரியாத ஒரு பணத்துக்காக, கையில் வந்த ஒன்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். முடிவு நவம்பரில்தான் வரும் என்று அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால், அது ‘இல்லை’ என்ற முடிவாகவே இருந்தாலும், நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

இதற்கு நடுவே நெட் வேறு, உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் ஜேஆர்எஃப்புக்கும் சேர்த்து நடக்கும் தேசியத் தேர்வு. 2024 ஜூன் 18 அன்று நாடு முழுக்க 9 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் எழுதினோம், மறுநாள் இரவே ரத்து என்று அறிவிப்பு வந்தது. மறுதேர்வு ஆகஸ்ட் 21-ல் தொடங்கி செப்டம்பர் முதல் வாரம் வரை நடந்தது, முடிவு வந்தபோது அக்டோபர் பாதி போயிருந்தது. எனக்கு உதவிப் பேராசிரியர் தகுதி வந்தது, ஜேஆர்எஃப் கொஞ்சத்தில் தவறியது. அது என் மதிப்பெண், அதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

நெட் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் பிஎச்டி சேர்பவர்களுக்காவது மாதம் 8,000 ரூபாய் உண்டு. பல வருடமாக அதே 8,000-தான். 2015 அக்டோபரில் அதையும் நிறுத்திவிடப் பார்த்தார்கள், தில்லியில் மாணவர்கள் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) அலுவலக வாசலில் இராப்பகலாக உட்கார்ந்து காப்பாற்றினார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கிற எங்களுக்கு அந்த எட்டாயிரமும் கிடையாது. சிறுபான்மை மாணவர்களுக்கு இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022-23 முதல் நிறுத்துவதாக 2022 டிசம்பரில் மக்களவையில் சொன்னார்கள். அதை நம்பி பிஎச்டிக்குப் பதிவு செய்து காத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நான் காத்திருந்தது பரவாயில்லை என்று தோன்றும்.

இதெல்லாம் தெரிந்ததுதான் என்பீர்கள். உப்பளக் கதைக்கு வருகிறேன்.

உப்பு வாருவதற்கு ஒரு பருவம் உண்டு. தை, மாசியில் பாத்தியைச் சீர் செய்யத் தொடங்குவார்கள், வெயில் ஏற ஏற உப்பு விளையும், புரட்டாசி தாண்டி வடகிழக்கு மழை இறங்கினால் பாத்தியெல்லாம் தண்ணீர், வேலை முடிந்தது. மழைக்காலத்தில் வேலை இல்லாத அந்த மூன்று மாதத்துக்காகத்தான் அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. என் ஆய்வுக்கு அந்த வெயில் பருவம் வேண்டும். வேலை நடக்கும்போது, கூலி கைமாறும்போது நான் அங்கே இருக்க வேண்டும். கேள்வித்தாள் நிரப்ப இரண்டு பேரை உதவிக்கு வைக்க வேண்டும், விடிவதற்கு முன்பே வேப்பலோடைக்கும் ஆறுமுகநேரிக்கும் போய்ச்சேர வண்டி வேண்டும். நான் எழுதிக்கொடுத்த திட்டத்திலேயே மாதவாரியாக இதைப் போட்டிருந்தேன், நேர்காணலில் ஒருவர் அதைப் பாராட்டக்கூடச் செய்தார். பட்டியல் எப்போது வந்தது? நவம்பரில். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

2024 பருவத்தில் சும்மா இருக்கவில்லை, என்னால் முடிந்தவரை பஸ்ஸில் போய் வந்தேன். ஒருநாள் காலை ஏழரை மணிக்கே வெயில் கண்ணைக் கூசியது, வெள்ளை உப்பில் பட்டு வருகிற வெளிச்சம் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்க்க முடியாது, அந்தப் பெண்களில் ஒருவரிடமும் கண்ணாடி இல்லை. உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில் டீ குடிக்க உட்கார்ந்தபோது அறுபது வயசுக்கு மேற்பட்ட ஒரு பாட்டி, கால் விரலிடுக்கெல்லாம் வெடித்துப் போயிருந்தது, என் நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “ஏம்மா, இப்படி எழுதுறதுக்கு ஒனக்கு மாசம் எவ்வளவு தருவாவ?”

“இன்னும் வரலை பாட்டி. கேட்டிருக்கேன்.”

“எப்பம் வரும்?”

“தெரியாது.”

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “எங்களுக்கே சனிக்கிழமையானா கூலி கையில வந்திரும். நீ படிச்சவ, எப்பம்னு கேக்க மாட்டியா?”

கேட்காமல் இல்லை பாட்டி. மின்னஞ்சல் ஆறு அனுப்பினேன், பதில் ஒன்றுக்கும் இல்லை. போனில் நாலு தடவை பிடித்தேன், இரண்டு தடவை ‘ஃபைல் மேலே போயிருக்கிறது’ என்று இந்தியில் சொன்னார்கள், ஒரு தடவை வெப்சைட்டைப் பார்க்கச் சொன்னார்கள், ஒரு தடவை மதியச் சாப்பாட்டு நேரம். வெப்சைட்டில் ‘அண்டர் பிராசஸ்’ என்று ஆரஞ்சு நிறத்தில் இரண்டு வார்த்தை. பிப்ரவரியில் பார்த்தாலும் அதே, செப்டம்பரில் பார்த்தாலும் அதே. காலையில் பல் தேய்ப்பதற்கு முன் அதைத் திறந்து பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

பட்டியல் வந்த அன்று ராத்திரி டியூஷன் முடிந்து பிள்ளைகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்து விழுந்தது. என் பெயரைத் தட்டித் தேடினேன், இல்லை. மறுபடி தட்டினேன், இல்லை. சரி, முடிந்தது என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் ஒவ்வொரு பக்கமாக நகர்த்திப் பார்த்தால், மூன்றாம் பக்கத்தில் என் அப்பா பெயர். என் இனிஷியலை விரித்து அப்பா பெயரை முன்னால் போட்டு, என் பெயரைப் பின்னால் எழுத்து மாற்றி ஒட்டியிருந்தார்கள். வடக்கே போகிற படிவங்களில் நம் ஊர்க்காரர்களுக்கு இது வழக்கமாக நடப்பதுதான், என்றாலும் உதவித்தொகை என்னவோ காலமாகிவிட்ட அப்பாவுக்கே கிடைத்ததுபோல இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டதும் அதே கேள்விதான்: “எப்போ தருவாங்களாம்?”

நவம்பரில் பட்டியல். ஜனவரியில் ஆணை. நூறு ரூபாய் பத்திரத்தில் உறுதிமொழி, நோட்டரி கையெழுத்து, சேர்ந்ததற்கான அறிக்கை, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய பில், அது டிபார்ட்மென்ட்டிலிருந்து பிரிவு அலுவலகம், அங்கிருந்து பதிவாளர், அங்கிருந்து நிதி அலுவலர். ஸ்டாம்ப் மேல் கையெழுத்து பாதிதான் விழுந்திருக்கிறது என்று ஒரு தடவை திரும்பி வந்தது. முதல் தவணை பல்கலைக்கழகக் கணக்குக்கு வந்து, அங்கிருந்து என் கணக்குக்கு வந்தபோது 2025 ஜூன். அடுத்த பருவத்திலும் பாதி போயிருந்தது. இதற்கிடையில் பிஎச்டி கடிகாரம் மட்டும் நிற்காது. யுஜிசி 2022 விதிப்படி சேர்ந்த நாளிலிருந்து ஆறு வருடம்தான், மறுபதிவு செய்தால் அதிகபட்சம் இன்னும் இரண்டு வருடம் (பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருடம் தரலாம் என்று இருக்கிறது), காத்திருந்த நாளை யாரும் கழித்துக்கொள்வதில்லை.

எனக்காவது கிடைத்தது. என் அறைத்தோழியும் அதே அறிவிப்புக்கு விண்ணப்பித்தாள், என்னைவிட நன்றாக எழுதக்கூடியவள், இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, என் சினாப்சிஸையே, அதாவது ஆய்வுச் சுருக்கத்தையே, அவள்தான் திருத்தினாள். பட்டியலில் அவள் இல்லை. காத்திருப்போர் பட்டியல் என்று ஒன்று உண்டா என்றும் தெரியாது. அவளுக்கு ‘உங்கள் விண்ணப்பம் தேர்வாகவில்லை’ என்று ஒரு வரி இன்று வரை வரவில்லை. அவள் பக்கத்தில் இன்னமும் அதே ஆரஞ்சு ‘அண்டர் பிராசஸ்’. போன மாதம்கூட ‘ஒருவேளை இரண்டாவது லிஸ்ட் விடுவாங்களோ’ என்று கேட்டாள். நான் என்ன சொல்ல? திட்டத்தில் எது போதவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் அதைத் திருத்தி வேறு இடத்துக்காவது அனுப்பியிருப்பாள். பரிசீலித்தவர்கள் மதிப்பெண் போடாமலா தேர்ந்தெடுத்திருப்பார்கள், அந்தத் தாள் எங்கேயோ இருக்கத்தானே செய்கிறது.

என்னோடு எம்.ஏ. படித்த ஒருத்தி அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தாள். அங்கே ஏப்ரல் 15 என்று ஒரு தேதி வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட தேதி, உதவித்தொகை தருகிறோம் என்று சொன்ன இடத்துக்கு அந்தத் தேதிக்கு முன்பே பதில் சொல்ல வேண்டும் என்று யாரும் மாணவரை நெருக்கக் கூடாது. வருவது வராதது எல்லாம் அந்தத் தேதியை ஒட்டித் தெரிந்துவிடும், அவளுக்கு மூன்று ‘இல்லை’ வந்தது, மூன்றும் கடிதமாக வந்தது. அங்கேயும் எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன், 2025-ல் அவர்களுடைய தேசிய அறிவியல் அறக்கட்டளை வழக்கமாகத் தரும் உதவித்தொகையை ஏப்ரலில் 1,000 பேராகச் சுருக்கிவிட்டு, கூச்சல் எழுந்தபின் ஜூனில் இன்னும் 500 பேரைச் சேர்த்தது. ஆனால் ஏப்ரலில் முடிவு என்றால் ஏப்ரலில் முடிவு வந்தது.

இங்கே விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி போடுகிறார்கள், மாலை 5 மணி வரை என்று மணிகூடப் போடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒரு நிமிடம் தாண்டினாலும் பக்கம் மூடிக்கொள்ளும். அதே அறிவிப்பில், அதற்கு அடுத்த வரியில், முடிவு வெளியாகும் தேதியையும் போடச் சொல்லுங்கள். தள்ளிப்போனால் தள்ளிப்போகிறது என்று ஒரு மின்னஞ்சல். தேர்வாகாதவர்களுக்கும் ஒரு மின்னஞ்சல். இதற்கு ஒரு ரூபாய்கூட நிதி ஒதுக்கீடு தேவையில்லை, நிதித்துறை ஒப்புதலும் தேவையில்லை. தில்லி வரை போக முடியாவிட்டாலும், நம் மாநில அரசே முதலமைச்சர் பெயரில் ஓர் ஆராய்ச்சி உதவித்தொகையைத் தேர்வு வைத்துத் தருகிறது, ஆதிதிராவிடர் நலத் துறையும் முழுநேர ஆய்வாளர்களுக்கு ஊக்கத்தொகை தருகிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கலாமே. உங்கள் நிருபர் யாராவது அடுத்த தடவை அமைச்சரைப் பார்க்கும்போது தொகை எவ்வளவு என்று கேட்டுவிட்டு, அப்படியே தேதி என்ன என்றும் கேட்டால் நன்றாக இருக்கும்.

கடிதத்தை வெளியிட்டால் பெயரையும் கல்லூரியையும் தயவுசெய்து போட வேண்டாம். இரண்டாவது தவணை இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஓர் ஆராய்ச்சி மாணவி,
தூத்துக்குடி மாவட்டம்