மகளுக்கு: உன் த்ரீ நாட் த்ரீ பற்றி

அன்பு மகள் யாழினிக்கு,

நீ அங்கே வாங்கிய, செயலிழக்கச் செய்த பழைய த்ரீ நாட் த்ரீ ரைஃபிளின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் அம்மாவுக்குத்தான் கோபம்: "லண்டன் போய் சம்பாதித்த காசில் சுடாத துப்பாக்கியா?" என்கிறாள். நான் ஆயுதப்படையில் ஆர்மரராக, துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுதுபார்ப்பவனாக இருந்தவன், எனக்குக் கோபம் வருமா?

விசைக்குப் பின்னால், தோளில் முட்டுக்கொடுக்கும் மரக்கட்டை சேரும் இடத்தில் வலப்பக்கம் கிரீடமும், ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்தும், இச்சாப்பூர் 1943 என்றும் இருக்கிறதே, அதைக் கவனித்தாயா? கல்கத்தா பக்கத்து இச்சாப்பூர் ஆலையில் செய்தது. பிரிட்டன் நம்பர் 4 என்ற புதிய ரைஃபிளுக்கு மாறிய பிறகும் நம்மூரில் உன்னுடையதைப் போன்ற பழைய நம்பர் 1 மார்க் 3-ஐயே செய்துகொண்டிருந்தார்கள். குடியரசு ஆன பிறகு கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது. நாங்கள் பழகியதெல்லாம் இரண்டும் கலந்த சரக்குதான்.

போல்ட், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு, அசையவில்லை என்று குறைப்பட்டிருந்தாய். அசையாது. 2016-இல் வந்த ஐரோப்பிய விதிக்குப் பிறகு அங்கே செயலிழக்கச் செய்யும் துப்பாக்கிகளில் போல்ட்டையே வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். குழலும் அடைபட்டிருக்கும். அதற்கு முன்பு செய்தவற்றில் போல்ட்டை இழுத்துப் பார்க்கலாம், விசையும் தட்டும், அதனால் சேகரிப்பவர்களுக்கு அவற்றின் மேல்தான் ஆசை. ஆனால் அந்தப் பழைய வகையை வைத்துக்கொள்ளலாமே தவிர, புதிய விதிப்படி மாற்றாமல் அங்கே யாருக்கும் விற்கவோ பரிசாகக் கொடுக்கவோ கூடாது. மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு.

செயலிழக்கச் செய்ததற்குப் பரிசோதனைக் கூடம் தந்த சான்றிதழைத் துப்பாக்கியோடு வைக்காதே, தனியே பத்திரமாக வை. நகல் ஒன்று எடுத்துக்கொள். அதிலுள்ள எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார். வேறு வீட்டுக்குக் கொண்டுபோனால் உறைக்குள் போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். பார்வைக்குத் துப்பாக்கி மாதிரி இருந்தாலே போதும், காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருப்பது அங்கே குற்றம். எந்தக் காரணத்துக்காகவும் விமானத்தில் இங்கே கொண்டுவந்துவிடாதே, சுங்கத்தில் நீ என்ன விளக்கினாலும் எடுபடாது.

அப்புறம், கட்டையைத் தேய்த்து வார்னிஷ் அடிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அதை மட்டும் செய்யாதே. அந்த மரத்தில் அடித்திருக்கும் சின்னச் சின்ன முத்திரைகள்தான் அது எந்தெந்தக் கையில் போனது என்பதற்குச் சாட்சி. உப்புத்தாளை வைத்தால் அத்தனையும் போய்விடும். விலையும் போய்விடும், அது வேறு விஷயம். அழுக்கைத் துணியால் துடைத்துவிட்டு, ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுச் சூடு வரும்வரை தேய். மறுநாள் காயவிட்டு மறுபடி தேய். எண்ணெயை ஊற்றிக் குளிப்பாட்டினால் பிசுபிசுப்பு போகவே போகாது. இரும்புக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். வெறுங்கையால் தொட்ட இடத்தை உடனே துடை, வியர்வைதான் முதல் துரு. எங்கள் கிடங்கில் மழைக்காலத்தில் இதற்கே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான்.

கட்டையின் அடித்தகட்டில் பித்தளை மூடி ஒன்று இருக்கும், அழுத்தித் திற. எண்ணெய்க் குப்பியும், குழலைத் துடைக்கும் புல்-த்ரூ கயிறும் வைக்கும் பொந்து அது. பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும், இருந்தாலும் பார். எனக்கு இன்னும் இரண்டு படம் வேண்டும். போல்ட் கைப்பிடியின் பின்பக்க எண் ஒன்று, குழலின் முன்முனை மூடியின் எண் ஒன்று. இரண்டும் துப்பாக்கி உடம்பில் உள்ள எண்ணோடு ஒத்துப்போனால் ஒரே பிறப்பு. ஒத்துப்போகாவிட்டாலும் பரவாயில்லை, பழுதுபார்க்கும்போது நாங்களே எத்தனையோ போல்ட்டை மாற்றிப் பூட்டியிருக்கிறோம்.

விசைக்காப்புக்கு முன்னால், மரத்தைக் குறுக்கே துளைத்துப் போகும் திருகு ஒன்று இருந்தால் அதையும் படம் எடுத்து அனுப்பு. அம்மாவிடம் பேசும்போது மட்டும் விலையைச் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா