அடி வாங்கியவரிடம் விளக்கம் கேட்காதீர்கள்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சென்ற வாரம் பெண்கள் வார்டில் நைட் டியூட்டியில் நடந்ததை கேமராப் பதிவில் பார்த்துவிட்டீர்கள். டாக்டர் வரத் தாமதமானதற்கு, பக்கத்தில் நின்ற சிஸ்டரின் கன்னத்தில் நோயாளியின் மகன் கையால் அறை விழுந்தது. அதை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். மாற்றிவிட ஆள் இல்லாததால் முகத்தைக் கழுவிக்கொண்டு அவர் அதே கட்டிலுக்குத் திரும்பினார். அடித்தவரின் தாயாருக்கு மருந்து ஏற்றும் நேரம். வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் மெல்லிய குழாய்) போட்ட இடம் வீங்கியிருந்ததால் கழற்றி வேறு கையில் போட வேண்டும். மெலிந்த கை, நரம்பு லேசில் கிடைக்காது. அடித்தவர் எதிரிலேயே நின்றார். "கொஞ்சம் வலிக்கும்மா, கையை ஆட்டாதீங்க" என்று எப்போதும் போன்ற குரலில் சொல்லிவிட்டு சிஸ்டர் நரம்பைத் தேடினார். அந்த அம்மா மகன் செய்ததை நினைத்து அழுதபோது, அவரைத் தேற்றியதும் இவர்தான்.

விடிந்ததும் நீங்கள் கொடுத்தது மெமோ. நோயாளியின் உறவினரிடம் கனிவாகப் பேசினீர்களா என்று விளக்கம் கேட்டிருக்கிறீர்கள்.

விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட், சம்பளத்துக்காக முகத்தையும் மனத்தையும் அடக்கி ஆளுவதும் உழைப்புதான் என்று 1983இலேயே எழுதினார். எங்கள் வேலையில் அந்த உழைப்பு இல்லாமல் ஒரு ஊசிகூடப் போட முடியாது. எங்கள் குரல் நடுங்கினால் நோயாளி பயந்துவிடுவார். அதனால் அதை மனமுவந்து செய்கிறோம். ஆனால் டியூட்டி சார்ட்டில் அதற்கு இடமே கிடையாது. அடிபட்ட நிமிடத்திலும் அது தடையில்லாமல் வந்துகொண்டிருக்க வேண்டும் என்கிறீர்கள். அது யாராலும் முடியாது.

மயக்கம் தெளியும்போது கையை வீசுகிறவர்களையும் மறதி நோயில் கடித்துவிடுகிறவர்களையும் நாங்கள் குற்றம் சொல்வதில்லை. அவர்களைக் கையாளப் பழகியிருக்கிறோம், அதற்கும் உதவிக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்றாலும். சுயநினைவோடு ஓங்கிய கையைப் பற்றித்தான் எழுதுகிறேன். மருத்துவத் துறையில் 8 முதல் 38 விழுக்காட்டினர் பணிக்காலத்தில் எப்போதாவது உடல்ரீதியான தாக்குதலுக்கு ஆளாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பணியிட வன்முறை குறித்து சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆம் உடன்படிக்கை, கடும் ஆபத்து நெருங்கும்போது வேலையை விட்டு விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்கிறது. விலகியதற்காக அவரைப் பழிவாங்கவும் கூடாது என்கிறது. இங்கே விலகாமல் நின்று வேலையை முடித்தவருக்கே மெமோ வந்திருக்கிறது.

அடி வாங்கியவரிடம் விளக்கம் கேட்காதீர்கள். அவரை உடனே பணியிலிருந்து விடுவித்து, காவல் துறையில் மருத்துவமனையின் பெயரில் நீங்களே புகார் கொடுங்கள். இப்போது புகார் கொடுப்பதும் அலைவதும் சாட்சி சொல்வதும் தனியாளாக அவர் தலையில் விழுகின்றன. பாதிப் பேர் வேண்டாம் என்று விட்டுவிடுவது அதனால்தான். புகார் வரவில்லையே, அப்படியானால் பிரச்சினை இல்லை என்று நீங்கள் கூட்டத்தில் சொல்வதைக் கேட்கும்போது நெஞ்சு எரிகிறது.

ஒவ்வொரு மே 12, செவிலியர் தினத்தன்றும் மேடையேற்றி எங்களைத் தேவதைகள் என்கிறீர்கள். அந்தப் பட்டம் எங்களுக்கு வேண்டாம். இரவில் வார்டுக்கு இரண்டாவது நர்ஸ் வேண்டும், கூப்பிட்டால் வரும் தூரத்தில் செக்யூரிட்டி வேண்டும். உறவினரிடம் தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லும் பொறுப்பை டாக்டரோ நிர்வாக அலுவலரோ ஏற்க வேண்டும்.

கோபத்தில் வார்த்தை மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடுதான் கேட்கிறேன்: அந்த மெமோவைத் திரும்பப் பெறுங்கள், புகாரை நீங்கள் கொடுங்கள். அவருக்கு இந்த வாரமும் அதே வார்டில் நைட் போட்டிருக்கிறீர்கள், அந்த நோயாளி இன்னும் டிஸ்சார்ஜ் ஆகவில்லை. இன்று மாலைக்குள் அதை மாற்றிக் கொடுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அவரோடு பணிபுரியும் செவிலியர்