ரங்கூன் சபைகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான நம் சபையாருக்கும், எங்களுக்காக ஓடி வந்த எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்றுத் தானாக எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. ஆனால் நன்றி சொல்லாமல் தூக்கமும் வரவில்லை.

முதலில் ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நம் ஆலயத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் கரேன் சபையைச் சேர்ந்தவர், பர்மாவின் கரேன் இனத்து அம்மா. கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். இங்கே ஆஸ்பத்திரியில் கூட இருப்பவர்தானே எல்லாம் பார்க்கவேண்டும்? விரிப்பு, லுங்கி, துண்டு என்று தினமும் ஒரு மூட்டை சேர்ந்துவிடும். ஒருநாள் விடிகாலையில் அந்த அம்மா வார்டு வாசலில் வந்து நின்று, என் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் எல்லாம் துவைத்து மடித்து வந்தது. அடைமழை, கரண்டும் இல்லை. கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துத் தேய்த்தே ஈரத்தை எடுத்திருக்கிறார். அன்று தொடங்கியவர், நாங்கள் வீடு திரும்பும்வரை ஒருநாளும் விடவில்லை. இரத்தமும் மருந்தும் பட்ட துணிகள். கூடப்பிறந்த தங்கச்சியிடம் கொடுக்கவே நான் கூசியிருப்பேன்.

எதற்கு இவ்வளவு சிரமம் என்று பர்மிய மொழியில் கேட்டேன். "எங்கள் ஜெபக்கூட்டத்தில் உங்கள் வீட்டுக்காரர் பெயரை வாசித்தார்கள். கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?" என்றார். நம் போதகர் ஐயாதான் அங்கே சொல்லியனுப்பியிருக்கிறார்.

சபை எதற்காக இருக்கிறது என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து நிறைய யோசித்தேன். ஆராதனைக்கா, உதவிக்கா என்று நம் ஆட்களே வாதாடுவதுண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில் உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம் நாலும் ஒரே வசனத்தில் வருகின்றன. அதைத் தாண்டினால் உடனே, இருப்பதை விற்று இல்லாதவர்களுக்குப் பகிர்ந்தது வருகிறது. இதைப் பிரித்துப் பார்க்க எனக்கு இனி மனம் வராது. ஆறாம் அதிகாரத்தில், கிரேக்கு பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பங்கு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று முறுமுறுப்பு எழுகிறது. பாஷை வேறாக இருந்தால் பக்கத்திலிருப்பவரின் பசிகூடக் கண்ணில் படாமல் போகும், ஆதிச்சபையிலேயே அது நடந்திருக்கிறது. அப்போஸ்தலர்கள் அதைச் சின்ன விஷயம் என்று தள்ளவில்லை. பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்த ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, அவர்கள்மேல் கைகளை வைத்து ஜெபித்தார்கள். பந்தி விசாரிக்கிற வேலைக்குத்தான் இத்தனையும். என்னைக் கேட்டால், அடுத்தவர் துணியைத் துவைப்பதற்கும் அந்த ஆவியானவர்தான் வேண்டும்.

அமெரிக்க மிஷனரி ஜட்சன் ரங்கூனில் வந்து இறங்கியது 1813இல். கரேன் மக்களில் முதல் ஆளாகக் கோ தா பியூ ஞானஸ்நானம் பெற்றது 1828இல். அவர்கள் சபை அந்த வழியில் வளர்ந்தது. நாமோ கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள், தமிழ் வேதபுத்தகத்தோடு வந்தோம். பாட்டு வேறு, பாஷை வேறு. ஆனாலும் ஓர் அவயவம் வலித்தால் எல்லா அவயவங்களுக்கும் வலிக்கும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை, அந்த மூட்டை போய் வந்த விதத்தில் நான் கண்ணால் பார்த்தேன்.

இரத்தம் கொடுத்த வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள், ராத்திரி முறை போட்டுக் காத்திருந்த மூப்பர்கள், வார்டிலேயே திருவிருந்து கொடுத்த ஐயா, என் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பெண்கள் ஐக்கியம், முருகனுக்கு நேர்ந்துகொண்ட மேல்மாடி அக்கா, வாடகை கேட்காமல் வண்டி ஓட்டிய பாய், ஜெனரேட்டர் கொடுத்த பர்மியக் குடும்பம்... யாரையும் மறக்கமாட்டேன். கவரில் பெயர் எழுதாமல் பணம் வைத்தவர்களைக் கர்த்தர் அறிவார்.

அப்புறம் ஒன்று. நம் வெள்ளிக்கிழமை ஜெபத்தில் இனி கரேன் சபையின் நோயாளிகள் பெயரும் வாசிக்கப்படவேண்டும் என்று ஐயாவிடம் கேட்டிருக்கிறேன். அவரும் சரி என்றார். பெயரோடு எந்த வார்டு என்பதையும் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். துணி துவைக்க நான் போவேன். கூட வர மனமுள்ள சகோதரிகள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.