கட்டடம் இருக்கட்டும், உச்சிப்புளி வானத்துக்கு யார் பொறுப்பு?

சிவில் விமானப் போக்குவரத்துத் துறையிலும் கடற்படையிலும் மாநில அரசிலும் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2025-26 மாநில நிதிநிலை அறிக்கையில் இராமேசுவரத்துக்கு விமான நிலையம் என்று அறிவித்தது முதல் இந்தக் கடற்கரையில் பேச்செல்லாம் நிலத்தைப் பற்றித்தான். கீழக்கரைப் பக்கமா, உச்சிப்புளிப் பக்கமா, எத்தனை ஏக்கர், ஓடுதளம் எவ்வளவு நீளம். சிற்றூர்களுக்கும் விமானம் விடும் ஒன்றிய அரசின் உடான் திட்டப் பட்டியலில் இராமநாதபுரம் இடம்பெற்றபோதும் இதே பேச்சுதான் ஓடியது. இரண்டு விமானங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளியை இங்கே யார் காப்பது என்று மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. முதல் பயணிகள் விமானம் இறங்குவதற்கு முன், உச்சிப்புளி கடற்படைத் தளத்தின் டவர், சென்னை, மதுரை, கொழும்பு ஆகிய நான்கு கட்டுப்பாட்டு நிலையங்களுக்கும் இடையே யாருக்கு எந்த உயரம், எந்த இடத்தில் விமானம் கைமாறும் என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். இராணுவ ரகசியம் போக மீதியை மக்கள் பார்வைக்கு வையுங்கள்.

பின்னணி உங்களுக்குத் தெரியாததல்ல. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத் தளம் 2009 முதல் இயங்குகிறது. 2012 முதல் ஆளில்லா விமானப் பிரிவும் அங்கே இருக்கிறது. பாக் நீரிணையை ஒட்டி சென்னை வான்பகுதி முடிந்து கொழும்பு வான்பகுதி தொடங்குகிறது. புதிய நிலையம் எங்கே வந்தாலும் கடற்படை ஓடுதளத்திலிருந்து இருபது முப்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். இறங்க வரும் ஏடிஆர் என்ற சிறிய பயணிகள் விமானத்துக்கு அது சில நிமிடப் பறப்பு.

இதில் உறுத்தும் இடம் தாழ்ந்த உயரம். மதுரை விமான நிலையத்துக்கும் உச்சிப்புளிக்கும் நேர்கோட்டில் சுமார் 60 கடல் மைல். விமானியும் கட்டுப்பாட்டாளரும் பேசும் விஎச்எஃப் ரேடியோ அலை நேர்கோட்டில்தான் போகும், பூமியின் வளைவைத் தாண்டி வளைந்து வராது. ஆன்டெனா உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், உச்சிப்புளிக்கு மேலே தோராயமாக 1,500 அடிக்குக் கீழே இறங்கிய விமானத்தின் குரல் மதுரைக்குக் கேட்காது. மதுரையில் எத்தனை நல்ல ரேடார் வைத்தாலும் அந்த உயரத்தில் அதற்கும் இதே கதிதான். விமானத்திலேயே இருக்கும் மோதல் தடுப்புக் கருவியான டிகாஸ் காப்பாற்றும் என்பீர்கள். தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே அது 'ஏறு, இறங்கு' என்று ஆணை கொடுக்காது, அதன் வடிவமைப்பே அப்படி. எதிரே வரும் விமானத்தில், தன் இருப்பை அறிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி அணைந்திருந்தால் எந்த உயரத்திலும் அதற்குக் கண் தெரியாது. ஆக, கடைசி ஆயிரம் அடியில் மதுரைக்கும் எட்டாது, டிகாஸும் பேசாது. எஞ்சுவது கடற்படை டவரில் இருப்பவரின் கண்ணும், சிவில் தரப்போடு அவர் பேசும் தொலைபேசியும்தான்.

ஆளில்லா விமானத்துக்கு இன்னொரு சிக்கல். தரையோடு இணைப்பு அறுந்தால், முன்பே பதிந்து வைத்த பாதையில், பதிந்து வைத்த உயரத்தில் அது தானாகத் திரும்பி வரும். அந்தப் பாதையும் உயரமும் சிவில் கட்டுப்பாட்டாளரின் மேசையில் இருக்கிறதா? இணைப்பு அறுந்த எத்தனையாவது நொடியில் அவருக்குத் தகவல் போகும்? ரகசியம் என்றால் எங்களுக்குச் சொல்ல வேண்டாம், அவருக்குச் சொல்லுங்கள்.

உயரம் காட்டும் கருவியில் விமானி பதிக்க வேண்டிய காற்றழுத்த எண் சின்ன விஷயம் போலத் தோன்றும். 1005 என்று டவர் சொன்னதை விமானி 1015 என்று திருப்பிச் சொல்லி, அதை யாரும் கவனிக்காமல் விட்டால், விமானம் கருவி காட்டுவதைவிடச் சுமார் 300 அடி தாழ்ந்து பறக்கும். மேலும் கீழுமாகப் பறக்கும் இரண்டு விமானங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய ஆயிரம் அடி இடைவெளி எழுநூறாகிவிடும். புயல் காலத்தில் பாம்பன் பக்கம் அழுத்தம் எப்படி இறங்கும் என்று நாங்கள் விளக்கத் தேவையில்லை.

பாம்பனில் தூக்குப்பாலம் இறங்கிப் பூட்டு விழாமல் ரயிலுக்கு சிக்னல் கிடைக்காது. வானத்தில் அப்படி ஒரு பூட்டு கிடையாது. சொன்ன சொல்லும் அதைத் திருப்பிச் சொன்ன சொல்லும்தான் பூட்டு.

1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் இரு விமானங்கள் நடுவானில் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய கசகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கியதுதான் நேரடிக் காரணம். ஆனால் டெல்லியைச் சுற்றிப் பெரும்பகுதி வான் விமானப்படை வசம் இருந்ததால், வருவதும் போவதும் ஒரே பாதையில் நடந்தன. 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கனுக்கு மேலே இன்னும் இரு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். அந்த வானைக் கவனித்த சூரிச் கட்டுப்பாட்டு அறையில் ஒரே கட்டுப்பாட்டாளர் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பராமரிப்புக்காகப் பிரதான தொலைபேசியை நிறுத்தியிருந்தார்கள், மாற்று இணைப்பும் வேலை செய்யவில்லை. ஆபத்தைக் கண்ட பக்கத்து கார்ல்ஸ்ரூ நிலையம் திரும்பத் திரும்ப அழைத்தும் லைன் கிடைக்கவில்லை. ஒன்றில் இராணுவ வான், மற்றதில் தனி ஆளும் செத்துப்போன தொலைபேசியும். மூன்றும் ஒரே இடத்தில் கூடக்கூடிய ஊராக உச்சிப்புளியை ஆக்கிவிடாதீர்கள்.

நம் நாட்டில் தவறு நடந்தால் வழக்கம் என்ன என்பதும் தெரிந்ததுதான். 2022 ஜனவரி 7 அன்று பெங்களூருவில் இணையான இரண்டு ஓடுதளங்களிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பிய இரு விமானங்களை ரேடார் கட்டுப்பாட்டாளர் ஒருவர் கடைசி நேரத்தில் பிரித்துவிட்டார். ஓடுதளப் பயன்பாட்டை மாற்றிய செய்தி டவர்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. நாட்டுக்கு அது தெரியவந்தது பத்து நாளுக்கும் மேல் கழித்து, பத்திரிகை வழியாக. வழக்கமாக ஷிப்டில் இருந்தவரைப் பணியிலிருந்து விலக்கிவிட்டு 'விசாரணை நடக்கிறது' என்றால் கோப்பு மூடிவிடும். அந்த ஷிப்டில் ஆள் எத்தனை, அவர் எத்தனை மணி நேரமாக உட்கார்ந்திருந்தார் என்று கேட்டால், கேட்டவர்தான் குற்றவாளி. நாடா வெட்டக் கத்தரிக்கோல் மட்டும் எந்த ஊரிலும் குறித்த நேரத்துக்கு வந்துவிடுகிறது!

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வேண்டும். இராமேசுவரம் வரும் யாத்ரீகருக்கும் வளைகுடாவிலிருந்து திரும்பும் கீழக்கரைக்காரருக்கும் மதுரையில் இறங்கிச் சாலையில் வரும் அலைச்சல் மிச்சமாகும். அந்த நான்கு நிலைய ஒப்பந்தம் முதலில் வரட்டும் என்றுதான் கேட்கிறோம். கூடவே, கடற்படை டவருக்கும் சிவில் தரப்புக்கும் தனி ஹாட்லைன், வேறு வழியில் போகும் மாற்று லைன், ஒரு ஷிப்டுக்குக் குறைந்தது இரண்டு பேர்.

நிலையம் திறப்பதற்கு முன் ஒரு நாள் ஒத்திகை நடத்துங்கள். பிரதான லைனை வேண்டுமென்றே துண்டித்து, ஆளில்லா விமானத்தின் இணைப்பு அறுந்ததாக வைத்துக்கொண்டு, இறங்க வரும் விமானத்துக்குத் தகவல் போய்ச்சேர எத்தனை நொடி ஆகிறது என்று அளந்து பாருங்கள். நேருக்கு நேர் வரும் இரண்டு ஜெட் விமானங்கள் ஐந்து கடல் மைலைக் கடக்க இருபது நொடி போதும். உங்கள் கணக்கு அதற்கு மேல் வந்தால் திறப்பு விழாவைத் தள்ளிவையுங்கள். வரவில்லை என்றால் முடிவை மாவட்ட ஆட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வான்போக்குவரத்துப் பணி அறிந்த இராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள்