டோபமைன் அடங்கிய பிறகு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் அறுவைக்குப் பின் படிக்கக் கூடாதென்று மருத்துவர் விதித்திருந்த தடை நேற்றுதான் நீங்கியது. முதல் வேலையாக உனக்கு எழுதுகிறேன்.

கோகைன் என்ற போதைப்பொருள், மூளையில் நரம்புச்செல்களிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைப் பெருக்குகிறது என்றால், அது உடலை விட்டு நீங்கியதும் எல்லாம் அடங்கிவிட வேண்டுமே, பிறகு ஏன் மாதக்கணக்கில் ஏக்கம் வளர்கிறது என்று கேட்டிருந்தாய். நாம் கல்லூரியில் படித்த காலத்தில் இதற்கு விடை கிடையாது. நரம்புச்செல்கள் வெளியேற்றும் டோபமைனைத் திரும்ப உறிஞ்சும் வழியைக் கோகைன் அடைத்துவிடுகிறது. அந்த வெள்ளம் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். வடிந்த பிறகும் எஞ்சும் தடத்தைத் தேட வேண்டிய இடம், குளுட்டமேட் என்ற மற்றொரு செய்தி கடத்தும் வேதிப்பொருளைச் செல்லின் மேற்பரப்பில் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகள்.

2001-இல் அங்லெஸ், போன்சி, மலென்கா ஆகிய ஆய்வாளர்கள் எலிகளுக்கு ஒரே ஒரு முறை கோகைன் செலுத்திப் பார்த்தார்கள். நடுமூளையின் டோபமைன் செல்களில் குளுட்டமேட்டைப் பெறும் இணைப்புகள் வலுப்பெற்றிருந்தன. குளுட்டமேட் ஏற்பிகளில் ஒரு வகையான என்எம்டிஏ ஏற்பிகளோடு ஒப்பிட, மற்றொரு வகையான ஆம்பா ஏற்பிகளின் பங்கு கூடியிருந்தது. ஐந்தாம் நாளிலும் இருந்த அந்த மாற்றம் பத்தாம் நாளில் மறைந்துவிட்டது. ஆம்பிட்டமின், நிகோட்டின், மார்பின், சாராயம் ஆகியவற்றோடு வெறும் மன அழுத்தமும் இதே மாற்றத்தை உண்டாக்குகிறது என்று 2003-இல் காட்டினார்கள். மன அழுத்தம் அந்த வரிசையில் நிற்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

என்னை அதிகம் சிந்திக்க வைத்தது 2008-இல் போன்சியின் ஆய்வகத்தில் நடந்த சோதனை. தானாக முயன்று கோகைன் பெற்ற எலிகளில் இந்த வலுவேற்றம் மூன்று மாதம் கழித்தும் நீடித்தது. முயற்சியின்றி அதே மருந்து உடலில் செலுத்தப்பட்ட எலிகளில் நீடிக்கவில்லை. சர்க்கரைக்காக முயன்ற எலிகளிலோ சில நாட்களே இருந்தது. ஆக, மருந்து மட்டுமே இதைச் செய்யவில்லை. தேடிப் பெறுதலும் அதோடு சேர வேண்டியிருக்கிறது.

உன் கேள்விக்கு நேரடியான விடையை அதே ஆண்டு மரீனா வுல்ஃப் என்ற ஆய்வாளரின் குழு தந்தது. கோகைன் நிறுத்தப்பட்டு ஒன்றரை மாதமான எலிகளின் மூளையில், நாட்டத்தோடு தொடர்புள்ள நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் பகுதியில், குளுஏ2 என்ற புரதத் துணையலகு இல்லாத ஆம்பா ஏற்பிகள் சேர்ந்திருந்தன. சாதாரண ஆம்பா ஏற்பி கால்சியத்தைப் பெரும்பாலும் உள்ளே விடாது. இவை விடும், மின்னோட்டத்தையும் மிகுதியாகக் கடத்தும். ஆகவே கோகைனை நினைவூட்டும் ஒரு விளக்கொளிகூடச் செல்லைப் பலமாகத் தூண்டுகிறது. கவனி, இவை மருந்து உள்ளே இருந்தபோது வந்தவை அல்ல, விலகியிருந்த வாரங்களில் வந்தவை. அவற்றை மட்டும் அடைத்தபோது எலிகளின் தேடல் தணிந்தது.

சிகிச்சை இருக்கிறதா என்று கேட்பாய். எம்குளூர்1 என்ற வேறொரு குளுட்டமேட் ஏற்பியைத் தூண்டினால் இந்த ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பிலிருந்து விலகுகின்றன. ஆனால் அது எலிகளில் கண்டது. மனிதர்களிடம் சோதித்த என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்து வேறு வழியில் குளுட்டமேட்டைச் சீராக்க முயல்வது. கோகைனைப் பயன்படுத்திக்கொண்டே இருந்தவர்களுக்கு அது உதவவில்லை. முன்பே நிறுத்தியிருந்தவர்களிடம் மட்டும் ஓரளவு பயன் தெரிந்தது. ஆகவே, நீ சொன்ன அந்த இளைஞரின் வீட்டாரிடம், ஒரு மாதம் விலகியிருந்தவருக்கு இப்போது ஏக்கம் கூடியிருப்பதை மனவுறுதிக் குறைவென்று மட்டும் எண்ண வேண்டாம் என்று நீ தயங்காமல் சொல்லலாம்; மூன்றாம் மாதத்திலும் கண்காணிப்பைத் தளர்த்த வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்